குடி விடுவோன் படுந் துன்பம்

தீயதொன்றைச் செய்தவன் அதனால் வருந் துன்பத்தை அநுபவித்தல் நீதியென்பது எல்லார்க்கும் ஒப்பமுடிந்தது. ஆயின், தீயதை விட்டொழித்தவன் அவ்வாறு விட்டமையாலேயே துன்புறுவானாயின், அத் துன்பத்தை நாம் எவ்வாறு கருதல் வேண்டும்? முன்செய்த பிழைக்குரிய தண்டமென்று கைகட்டி நிற்றல் தகுமோ? நோயென்று கொண்டு தணித்தல் தகுமோ? இவ்வினா ஏட்டைப் புரட்டும்போது எழுந்ததன்று. மாணாக்கனொருவன் என் முன்னின்று வினாவியது. அன்று யான் அவனுக்குத் தக்க விடை கூறினேனல்லேன். இப்பொழுது கூற முயல்கின்றேன்.

யான் இளமையிற் கற்றது மிசன் பாடசாலையொன்றில். அங்கே நன்னெறிப் பாடத்தில் ஆசிரியர் ஒரு கதை சொல்லுவார். குடியனொருவன் தன் சிறுமகள் அழக் கண்டு மனங்கசிந்து, கையிலிருந்த போத்தலைக் கல்லின்மேல் எறிந்துடைத்து, அன்றுதொட்டு ஒரு துளியும் தீண்டாது வாழ்ந்தானென்பது அக்கதை. போத்தல் உடைந்த அளவிற் கதையும் முடிந்துவிடும். யானும் ஆசிரியனாய பின்னர், ஊரையும் பேரையும் மாற்றி அதனையே பலமுறை என் வகுப்பிற் சொல்லிவந்தேன். போத்தலுடைந்த இரவும் அதனையடுத்த மூன்று இரவுகளும் அக்கதையிற் சொல்லப்படவில்லையென்பது எனக்கு நெடுங்காலம் புலப்பட்டிலது.

சில ஆண்டுகளின் முன்னர், அக்கதையைக் கேட்ட சிறுவனொருவன் வீடு சென்று, காலையெழுந்தது முதற் கசிப்பும் சாராயமும் அருந்தும் வழக்கமுடைய தன் தகப்பனாரின் காலைப் பற்றிக்கொண்டு அழுதான். அவரும் மனமிளகிச் சுவாமி படத்தின்முன் சத்தியஞ்செய்து அன்றே நிறுத்தினார். மறுநாட் காலையிற் கைகள் நடுங்கின, தேநீர்க் கோப்பையைப் பிடிக்க இயலவில்லை, உடல் வியர்வையில் நனைந்தது, உண்டதெல்லாஞ் சத்தியாயிற்று. "குடித்த கொழுப்புக் கரைகிறது, பட்டுத் தெளியட்டும்" என்றனர் வீட்டார். அன்றிரவே வலிப்புக் கண்டது. மூன்றாம் நாள், சுவரிலே பூச்சிகள் ஊர்கின்றனவென்று கூவிக் கையாற் சுவரைத் தட்டத் தொடங்கினார். பேய் பிடித்ததெனக் கருதி அறையிலிட்டுப் பூட்டினர். அயலிலிருந்த தாதியொருவர் கண்டு, பிணக்குப்பட்டு வற்புறுத்தியமையால் வைத்தியசாலைக்குக் கொண்டுபோயினர். உயிர் தப்பியது.

பத்து நாட்களின் பின் அச்சிறுவன் என்னிடம் வந்தான். "ஐயா, அப்பா குடித்த காலமெல்லாம் எழும்பி நடமாடினார், விட்டவுடன் சாகப் பார்த்தார். நல்லது செய்தவருக்கு ஏன் இப்படி வந்தது? நான் கேட்டபடியால்தானே?" என்றான். உன் பிழையன்று என்று மட்டுஞ் சொல்லி அனுப்பினேன். அது மெய்யே, ஆயினும் முழு மெய்யன்று. பிழை, பாதிக் கதையைப் போதித்த என்னுடையது.

அதன் பின்னரே இந்நோயின் இயல்பை அறியப் புகுந்தேன். அறிந்ததைச் சுருங்கக் கூறுவேன். மூளையிலே நரம்புகளை எழுப்புஞ் சத்திகளும் அடக்குஞ் சத்திகளும் ஒன்றுக்கொன்று ஈடாய் நின்று தொழிற்படுகின்றன. மது, அடக்குவனவற்றை மிகுவித்து எழுப்புவனவற்றைக் குறைக்கும். நாடோறும் மிகுதியாக மது வந்து சேரின், மூளை தன் ஈட்டைக் காக்கும்பொருட்டு எழுப்புஞ் சத்தியை வலுப்படுத்தி அடக்குஞ் சத்தியைத் தளர்த்திவிடும். நம்மூர்த் துலாக் கிணற்றை நினைந்து பார்த்தால் இது எளிதில் விளங்கும். நீர் நிறைந்த பட்டையின் பாரத்திற்கு ஈடாகத் துலாவின் அடிப்புறத்திலே பாரம் ஏற்றப்பட்டிருக்கும். ஏற்றிய பாரம் அப்படியே இருக்கப் பட்டையின் கயிறு மட்டும் அறுமாயின் யாதாகும்? அடிப்புறம் சடுதியாகக் கீழ்வீழும்; துலா மிதிப்போன் தூக்கியெறியப்படுவான். நெடுங்காலக் குடியைத் திடீரென நிறுத்தியவனுடைய நரம்புகளின் நிலை இதுவே. நடுக்கமும் வியர்வையும் நித்திரையின்மையும் அச்சமும் வலிப்பும், அடக்குவாரின்றி எழுந்த அச் சத்தியின் விளைவுகளாம்.

இவை ஓர் ஒழுங்கில் வருவன. கடைசியாகக் குடித்து ஏறக்குறைய 6 முதல் 8 மணி நேரத்தில் நடுக்கமும் ஓங்காளமும் தொடங்கும். வலிப்பு வருமாயின் பெரும்பாலும் 6 முதல் 48 மணி நேரத்துள் வரும். 48 முதல் 96 மணி நேரத்துள், சிலருக்கு நடுக்கச் சன்னி தோன்றும். அப்பொழுது காலமும் இடமும் தெரியா. இல்லாதன கண்ணுக்குத் தோன்றும். காய்ச்சலும் விரைந்த நாடியும் உண்டாம். குடியை நிறுத்துவோர் எல்லார்க்கும் இந்நிலை வருவதன்று. நூற்றுக்கு ஏறக்குறைய 5 பேருக்கே வரும். ஆயின், தக்க வைத்தியம் இல்லாத முற்காலத்தில், வந்தவருள் நூற்றுக்கு 35 பேர்வரையும் இறந்தனர். இக்காலத்தில், உரிய வைத்தியஞ் செய்யப்படுமிடத்து, இறப்போர் தொகை நூற்றுக்கு 5 அளவினதாகவோ அதனிற் குறைவாகவோ இருக்கின்றது.

இங்கிலாந்திலே தோமஸ் சட்டன் என்னும் வைத்தியர் 1813 ஆம் ஆண்டில் இச் சன்னிக்கு 'டெலீரியம் திரெமென்ஸ்' எனப் பெயரிட்டு ஒரு நூல் வெளியிட்டார். அக்காலத்தார் நோயாளியின் குருதியைக் கழித்து அவனை ஒடுக்க முயன்றனர். அது கேடு செய்தலையும், அபின் கொடுத்து உறங்கச் செய்தவிடத்து நோயாளி பிழைத்தலையும் அவர் கண்டு எழுதினார். வருத்துதலினும் அமைதிப்படுத்தலே உயிர்காத்தது என்பது இந்நோய் பெயர்பெற்ற நாளிலேயே தெரிந்த உண்மை. அங்ஙனமாகவும், குடியினாலேயே இது வருகின்றதா, குடியை நிறுத்துதலால் வருகின்றதா என்னும் வாதம் ஒரு நூற்றாண்டிற்கு மேலும் ஓயவில்லை. அமெரிக்காவிலே கென்ரக்கி மாகாணத்து லெக்சிங்ரன் நகரில் இஸ்பெல் என்பாரும் அவருடன் சேர்ந்தாரும் 1955 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி இதனைத் தீர்த்தது. நல்லுணவும் விற்றமின்களுங் குறைவின்றிக் கொடுத்து, 48 முதல் 87 நாள்வரை குடிப்பித்து நிறுத்தியவிடத்து, 6 பேரில் இருவருக்கு வலிப்பும் மூவருக்குச் சன்னியும் வந்தன. அவர்கள் தண்டனை பெற்றுக் காவலிலிருந்தோர். இக்கால அறநெறி அத்தகைய பரிசோதனையை ஒப்பாது. ஆயினும் அவர் பட்ட துன்பத்தால் நாம் அறிந்ததை அறியாதார்போல் நடத்தல் மற்றொரு பிழையாம்.

பின்னர், 1960 ஆம் ஆண்டில் குளோர்டயசெப்பொக்சைட் என்னும் மருந்து வழக்கிற்கு வந்தது. அமெரிக்காவில் 537 நோயாளரை ஐந்து பகுதியாராக வகுத்து வெவ்வேறு மருந்தும், ஒரு பகுதியார்க்கு மருந்துச்சத்தில்லா வெற்றுக் குளிகையுங் கொடுத்து ஆராய்ந்த முடிபு 1969 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அம்மருந்தைப் பெற்றாருள் வலிப்பும் சன்னியும் ஏனையோரினும் மிகக் குறைவாகவே காணப்பட்டன. அதுவும் அதன் இனத்ததாகிய டயசெபாம் முதலியனவுமே இன்றும் இந்நோய்க்கு முதன் மருந்துகளாம்.

இனி, தொடங்கிய வினாவுக்கு வருவோம். துன்பத்தைத் தணித்தல் தகாதென்பார் கூறும் நியாயங்கள் மூன்று.

முதலாவது, "பட்டால்தான் புத்தி வரும், வேதனையின்றி விட்டவன் மீண்டும் தொடுவான்" என்பது. இது கேட்டற்குப் பொருத்தமாகத் தோன்றும். ஆசிரியர்களாகிய நாம் இதனைச் சற்று ஆராய்தல் வேண்டும். பிழை செய்த மாணாக்கன் ஒருவன் தானாகவே வந்து உண்மை சொல்லும்போது அவனை அடித்தால், அவன் யாது கற்பான்? பிழை செய்யாமையைக் கல்லான். உண்மை சொல்லாமையையே கற்பான். தண்டம் எச்செயலை அடுத்து வருகின்றதோ அச்செயலையே அது தடுக்கும். குடி விடுவோனுடைய வேதனை குடித்ததை அடுத்து வருவதன்று, விட்டதை அடுத்து வருவது. அன்றியும், ஒரு மிடறு குடித்தவுடன் நடுக்கம் நின்றுவிடும். ஆகவே அவ்வேதனை அவனுக்குப் போதிக்கும் பாடம் 'குடியாதே' என்பதன்று, 'விடாதே' என்பது. மேலும், இங்ஙனம் விட்டுந் தொட்டும் பலமுறை வருந்தினவர்க்குப் பின்வரும் முறைகளில் வலிப்பு முதலியன கடுமையாதலும் உண்டு என்று வைத்தியர் கண்டிருக்கின்றனர். துன்பம் திருத்துமாயின், பலமுறை பட்டவன் எளிதில் திருந்தவேண்டும். உண்மையோ மறுதலையாகவே இருக்கின்றது.

இரண்டாவது, "இது அவன் செய்த வினையின் பயன், பிராரத்தத்தை நுகர்ந்தே கழிக்கவேண்டும், இடையிற் புகுந்து தடுத்தற்கு நாம் யார்?" என்பது. சைவருள்ளே கற்றாரும் இவ்வாறு கூறக் கேட்டிருக்கின்றேன். இது கொள்ளப்படுமாயின் காய்ச்சற்காரனுக்குக் கஞ்சியும் வார்த்தலாகாது. பாம்பு கடித்தவனுக்கு மருந்துங் கொடுத்தலாகாது. வினைப்பயன் இத்துணையென்று அளந்து ஊட்டுபவன் இறைவன்; நாம் அல்லேம். அவனுக்கு வரவிருந்த துன்பத்தின் அளவு நமக்குத் தெரியாதபோது, நம் கையால் மருந்து செல்லுதலும் அவனுக்கு வரவேண்டிய பயனே அன்றோ? அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரிலே இறைவன் வினை நீக்கும் முறைக்கு வைத்தியனை உவமை காட்டினார். வைத்தியன் சில நோயை அறுத்துக் கீறித் தீர்ப்பான்; சில நோயை இனியன கொடுத்துத் தீர்ப்பான்; அவ்வாறே இறைவன் துன்பத்தாலும் இன்பத்தாலும் வினையறுப்பான் என்பது அதன் கருத்து. பிறன் படுந் துன்பத்தைக் காணும்போது மட்டும் உவமையின் முற்பாதியையே எடுத்துப் பிற்பாதியை மறத்தல் நமக்கு இயல்பாகிவிட்டது.

திருநாவுக்கரசு நாயனாருடைய சரித்திரத்தை இங்கே எதிர்நிறுத்துவாரும் உளர். சூலை நோயன்றோ அவரை மீட்டதென்பர். மீட்டது உண்மை. ஆயின் முறையை நோக்குக. அந்நோய் அவர் திரும்புமுன் வந்தது; திரும்பித் திருவதிகையிற் பணிந்தபோது நீங்கிற்று. திரும்பிய பின்னும் இன்னுஞ் சில நாள் கிடந்து வருந்துக என்று ஆண்டவன் விட்டிலன். இரவிலே வந்து காலில் வீழ்ந்த தம்பியைத் திலகவதியார் 'அன்று விட்டுப் போனாயே' என்று கணக்குக் கேட்டனரல்லர். எடுத்து நிறுத்தித் திருநீறளித்து உடன் அழைத்துச் சென்றனர். நாம் கற்கவேண்டியது அம்மையார் நடந்த முறைமை. திரும்பி வருவோனுக்கு வாயிலிற் செய்யத்தக்கது விசாரணையன்று, வரவேற்பு.

மூன்றாவது நியாயமே வலியது. "மருந்தின் உதவியால் விடுதல் தன் முயற்சியாகுமா? ஒரு மயக்கப் பொருளை நீக்கி மற்றொன்றைப் புகுத்துதலன்றோ அது?" என்பது. இதில் உண்மையின் ஒரு கூறு உண்டு. அம்மருந்துகளும் நீடித்து உண்ணப்படின் அடிமைப்படுத்துவன. மதுவோடு சேரின் மூச்சை ஒடுக்கி உயிருக்கும் இறுதி செய்வன. ஆகையினாலேதான் வைத்தியரின் மேற்பார்வை வேண்டப்படுகின்றது. அவர் முதலிற் போதிய அளவு கொடுத்து, நாடோறுங் குறைத்து, ஏறக்குறைய 5 முதல் 7 நாட்களில் நிறுத்திவிடுவர். துலா உவமையிற் சொல்வதாயின், கயிற்றை அறுத்துவிடாமல் பாரத்தைச் சிறிது சிறிதாக இறக்குதலே அது. மயக்கத்திற்காக உண்பதும் மயக்கத்தினின்று இறங்குதற்காக உண்பதும் பொருளால் ஒத்திருப்பினும் நோக்கத்தாலும் அளவாலும் முடிவாலும் வேறாம்.

அன்றியும், தன் முயற்சியென்பது அறிவு நிலைபெற்றவிடத்தே உளதாவது. வலிப்பிற் கிடப்பானும் சன்னியிற் பிதற்றுவானும் முயல்வாரல்லர். அவ்விரவுகளைக் கடந்த பின்னரே அவனுடைய தவம் தொடங்குகின்றது. வாரக்கணக்காக, சிலருக்கு மாதக்கணக்காக, உறக்கங் குறையும், மனஞ் சோரும், மாலை வந்ததும் கால் பழைய வழியை நாடும். இத்துன்பங்களை எல்லாம் மருந்தாற் போக்குதல் இயலாது, போக்கவேண்டுவதுமில்லை. இவை நல்லார் துணையோடு பொறுத்துக் கடக்கற்பாலன. உயிரையும் அறிவையும் கெடுக்குந் துன்பம் ஒன்று. மனத்தைப் பழக்குந் துன்பம் மற்றொன்று. முன்னதைத் தணித்தல் கருணை. பின்னதைப் பொறுக்கத் துணைநிற்றலும் கருணை. இரண்டையும் ஒன்றெனக் கருதியதே நாம் செய்த மயக்கம்.

திருவள்ளுவர் 93 ஆம் அதிகாரத்திற் கள்ளுண்டலைக் கடுமையாகக் கடிந்தார். இடையில் ஓரதிகாரமே விட்டு 95 ஆம் அதிகாரத்தில் மருந்து கூறினார். அங்கே நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிருந்து உதவுவோன் என நான்கு கூறாக வைத்தியத்தை வகுத்தார். குடித்துக் கெட்டவனுக்கு இந்நான்கும் இல்லையென்று எங்கும் விலக்கினாரல்லர். நான்கில் ஒன்று அருகிருப்போனுடையது என்பதும் கருதத்தக்கது. ஏனெனில், இந்நோயில் அக்கூறு சிறிதன்று.

வைத்தியசாலையிற் செய்யப்படுவனவற்றை நோக்குக. நடுக்கம், வியர்வை, ஓங்காளம், தலையிடி, பதற்றம், தெளிவு முதலிய 10 குறிகளை மணிக்கணக்கிற் சோதித்து, 67 வரை செல்லும் அளவையால் மதிப்பிட்டு, அதற்குத் தக மருந்தைக் கூட்டியுங் குறைத்தும் கொடுக்கின்றனர். தயமின் என்னும் விற்றமின் பி1 இனைச் சர்க்கரை நீரேற்றுமுன்னரோ உடனாகவோ ஊசி வழியாகச் செலுத்துகின்றனர். நெடுநாட் குடித்தவன் உடலில் அது வறண்டிருக்க, சர்க்கரை மட்டும் சென்றால் மூளைக்கு நிலையான கேடு வருதல் கூடும். இழந்த நீரும் உப்புச் சத்துக்களும் ஈடுசெய்யப்படுகின்றன. இவையெல்லாம் வைத்தியர்க்கும் தாதியர்க்கும் உரியன. அருகிருப்போனுக்கும் தொழில் உண்டு. ஆரவாரமில்லாத இடம், கண்ணைக் கூசச்செய்யாத, ஆயின் முற்றும் இருளாத விளக்கு, 'இன்று இன்ன கிழமை, இது வைத்தியசாலை, நான் இன்னார், இந்நடுக்கம் சில நாளில் நீங்கிவிடும்' என்று மெல்லப் பலகாற் சொல்லுதல், வாய்நனைக்க நீர் கொடுத்தல், ஏசாதிருத்தல் என்பன அவன் செய்யத்தக்கன. பூச்சி ஊர்கின்றதென்று அஞ்சுவானோடு வாதிட்டுப் பயனில்லை. அறையிற் பூட்டுதலும் கயிற்றாற் கட்டுதலும் அச்சத்தை மிகுவிக்கும்.

சைவாசிரியர்களே, நம் கடமை யாது? மதுவிலக்கைப் போதித்தலை விடுமாறு யான் சொல்லவில்லை. கதையை முழுதுஞ் சொல்லுமாறே வேண்டுகின்றேன். இடையிடையே குடிப்பவன் நிறுத்துதலும், நாடோறும் மிகக் குடித்துக் காலையிற் கை நடுங்குபவன் நிறுத்துதலும் ஒன்றல்ல. பின்னவனும், முன்னர் ஒருமுறை நிறுத்தி வலிப்புக் கண்டவனும், வைத்தியரைக் காணுமுன் திடீரென நிறுத்தலாகாது. முதலில் வைத்தியசாலை, பின்னரே சத்தியம். அரசினர் வைத்தியசாலையில் இதற்குப் பணமும் வேண்டுவதில்லை. அயலார் வைத்திருக்கும் நித்திரைக் குளிகையை வாங்கிக் கொடுத்தல் ஆபத்து. வலிப்பு, பிதற்றல், இல்லாதன தோன்றல், காய்ச்சல் என்பவற்றுள் ஒன்று கண்டாலும் விடியும்வரை பார்த்திருத்தலாகாது. இன்னும் ஒன்று: தந்தையைத் திருத்தும் பாரத்தைப் பிள்ளையின் தலைமேல் ஏற்றாதிருப்போமாக. அப்பாரம் பெரியோர்க்குரியது. பிள்ளை தன் வீட்டுத் துயரை நம்மிடஞ் சொல்லுமாயின், நாமே சென்று அப்பெரியோரைக் கண்டு பேசுதல் வேண்டும்.

அச்சிறுவனின் தகப்பனார் சில மாதங்களின் பின் வழுவினார். உறவினர் சிலர் இகழ்ந்தனர். யான் அவர் வீடு சென்று, என் கதையின் குறையை அவர்க்குச் சொல்லி மன்னிப்புக் கேட்டு, உடன் வருவேனென்றேன். இம்முறை வைத்தியசாலையிலேயே நிறுத்தினார். நடுக்கம் இருந்தது, வியர்வை இருந்தது, வலிப்பு வரவில்லை. ஆறாம் நாள் தேநீர்க் கோப்பையைத் தம் கையாலேயே பிடித்துக் குடித்தார். மகன் அருகிலிருந்து அதனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று அவனுக்குக் கூறாதுவிட்ட விடையை அவ்விடத்திற் கூறினேன். "தம்பி, அப்பா நல்லது செய்தபடியால் அத்துன்பம் வரவில்லை. நெடுநாட் சுமந்த பாரத்தைத் துணையின்றி ஒரேயடியாகப் போட்டபடியால் வந்தது. நீ கேட்டது சரியானதே. துணையாக வரவேண்டியவர்கள் நாங்கள், வராமல் விட்டோம்."